ஆட்டோகம்ப்ளீட்டில் கை வைக்க எந்த எடிட்டர்?

போன மாதம் ஒரு சாயங்காலம், என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் டீ குடித்துக்கொண்டே கேட்டான். “அண்ணா, ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணணும்னு ரொம்ப நாளா இருக்கு. விஎஸ் கோட்ல ஆட்டோகம்ப்ளீட் பக்கம் போகலாம்னு பார்க்கிறேன். சரியா வருமா?”

விஎஸ் கோட் என்பது மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் எடிட்டர்; ஆட்டோகம்ப்ளீட் என்பது நாம் தட்டத் தட்ட அடுத்து வரக்கூடிய பெயர்களைப் பரிந்துரைக்கும் வசதி. அவன் நிலவரம் இது: 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. பைத்தான் நன்றாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு, சி கல்லூரியோடு சரி. வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒதுக்குவான், அதுவும் ஆபீஸில் ரிலீஸ் நெருக்கடி இல்லாத வாரத்தில்.

“போடா, ஆரம்பி” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நானும் இதே ஆசையோடு ஒரு பெரிய எடிட்டரின் ரெப்போவுக்குள் (மூலநிரல் இருக்கும் கிடங்கு) போய், பதினோரு வரி மாற்றத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தவன். எந்த எடிட்டர் என்பது வேண்டாம். அங்கே யாரும் என்னை மோசமாக நடத்தவில்லை. அவர்களுக்கு அந்த வாரம் அதைவிட முக்கியமான வேலை இருந்தது, அடுத்த வாரமும் இருந்தது. கடைசியில் அந்தக் கோப்பையே வேறு யாரோ அடியோடு மாற்றி எழுதிவிட்டார்கள். என் பதினோரு வரிக்கு ஒட்ட இடமில்லாமல் போயிற்று. அதனால் இவனுக்காக உட்கார்ந்து, இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

புள்ளி வைத்ததும் நடப்பது

ஒரு மாறியின் பெயரை அடித்துப் புள்ளி வைக்கிறோம். கீழே பெட்டி திறக்கிறது. அந்தப் பெட்டியை வரைவது எடிட்டர்தான். ஆனால் உள்ளே வரும் பெயர்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி எடிட்டருக்கு ஒன்றும் தெரியாது. அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலைக் கேட்கிறது: “இந்தக் கோப்பு, 14ஆம் வரி, 22ஆம் இடத்தில் கர்சர் நிற்கிறது. இங்கே என்னென்ன வரலாம்?” அந்த நிரல் ஜேசன் வடிவில் ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கேள்வி பதிலுக்கான ஒழுங்குதான் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால், சுருக்கமாக எல்எஸ்பி. விஎஸ் கோடுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய இதை, 2016 ஜூனில் ரெட் ஹாட், கோட்என்வி இரண்டையும் சேர்த்துக்கொண்டு எல்லோருக்கும் பொதுவான ஒழுங்காக அறிவித்தார்கள். அதற்கு முன்னால் பத்து எடிட்டரும் இருபது மொழியும் இருந்தால் இருநூறு இணைப்பு எழுத வேண்டும். இப்போது எடிட்டருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என முப்பது போதும்.

பட்டியல் வந்ததும் எடிட்டர் அதை நாம் தட்டிய எழுத்துகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, எது மேலே எது கீழே என்று அடுக்குகிறது. சரி, சர்வருக்கு அந்தப் பெயர்கள் எப்படித் தெரிந்தன? நம் நிரலைப் படித்து, நாம் பயன்படுத்தும் லைப்ரரிகளின் டைப் தகவலை (எது எந்த வகை மதிப்பு என்ற விவரம்) படித்துத் தெரிந்துகொண்டது.

ஆக, கை வைக்க நாலு இடம் இருக்கிறது: பெட்டி, அடுக்கும் வரிசை, சர்வர், அதற்குப் பின்னால் இருக்கும் டைப் தகவல். “இந்த எடிட்டர்ல சஜஷன் வரவே மாட்டேங்குது” என்று நாம் திட்டுவதெல்லாம் பெட்டியைப் பார்த்துத்தான். நான் துருவிப் பார்த்த பெரும்பாலான தடவைகளில் தப்பு கடைசி இரண்டில்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு எடிட்டர்களைப் பார்ப்போம்.

விஎஸ் கோட்: படிக்க அருமை, நுழைய நெரிசல்

2015 ஏப்ரலில் அறிமுகமாகி, அதே ஆண்டு நவம்பரில் எம்ஐடி உரிமத்தில் மூலநிரல் திறக்கப்பட்டது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, வலைத் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி செய்ய உதவும் எலக்ட்ரான் மேல் ஓடுவது. பரிந்துரைப் பெட்டிக்கான நிரல் முழுவதும் “சஜஸ்ட்” என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கிறது. எழுத்துகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் பகுதி வேறிடத்தில், பொதுக் கருவிகளோடு இருக்கிறது. இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடலாம். சொல்லின் முதலெழுத்தோடு பொருந்தினால் கூடுதல் மதிப்பெண், நடுவில் வரும் பெரிய எழுத்தோடு பொருந்தினாலும் கூடுதல், இடைவெளி விட்டுப் பொருந்தினால் குறைவு என்று அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, நாம் மூன்றெழுத்து தட்டியதும் சரியான பெயர் மேலே வந்து நிற்பது மாயமாகத் தெரியாது. படிப்பதற்கு எதை எடுக்கலாம் என்று கேட்டால் என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

அங்கே வேலை செய்வது வேறு சமாச்சாரம். முதலில் இயந்திரம். டாக்கர் என்ற தனிச் சூழலுக்குள் வைத்து முழுதாக பில்ட் செய்வதற்கு (மூலநிரலை ஓடும் மென்பொருளாக்குவதற்கு) 4 கோர், குறைந்தது 6 ஜிபி ரேம், 8 இருந்தால் நல்லது என்று அவர்களுடைய வழிகாட்டியே சொல்கிறது. இவனிடம் இருப்பதே மொத்தம் 8. பிரவுசரை மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான். அடுத்தது வரிசை. புது அம்சம் கேட்டு இஷ்யூ (கோரிக்கை அல்லது பிழைப் பதிவு) போட்டு, அதைக் குழு பரிசீலிக்கலாம் என்று நினைத்தால், 60 நாள் கெடு தொடங்கும். அதற்குள் 20 பேர் கட்டைவிரல் தூக்கினால் பேக்லாக்குக்கு, அதாவது பின்னால் செய்யவேண்டியவை பட்டியலுக்குப் போகும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்; குவியும் கோரிக்கைகளுக்கு வேறு என்ன செய்வார்கள்? ஆனால் எந்தத் திசையில் போவது என்பதை அந்த நிறுவனத்தின் குழு தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து போகிறவனுக்குப் பிழை திருத்தம் கிடைக்கும், திசை கிடைக்காது.

இவனிடம் நான் அழுத்திச் சொன்னது மூன்றாவது விஷயத்தை. விஎஸ் கோடில் இவன் தினமும் பார்க்கும் பைத்தான் பரிந்துரைகள் அந்த ரெப்போவிலேயே இல்லை. அவற்றைத் தருவது பைலான்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன். அது மூடிய மென்பொருள். அதன் வயிற்றுக்குள் இருக்கும் பைரைட் என்ற டைப் சரிபார்ப்பான் மட்டும் திறந்தது, எம்ஐடி உரிமம், தனி ரெப்போ. அதாவது “விஎஸ் கோட் ஆட்டோகம்ப்ளீட்டுக்குப் பங்களிக்கிறேன்” என்று கிளம்பினால், தான் சரிசெய்ய நினைத்த இடத்துக்கு அவன் போய்ச் சேரவே மாட்டான். கேட்டதும் முகம் தொங்கிப்போயிற்று. “அப்போ அந்த ரெப்போல இருக்கிறது என்னண்ணா?” என்றான். பெட்டி இருக்கிறது, தம்பி.

ஏஐ உதவியாளரான கோபைலட்டின் கதையும் கொஞ்சம் இப்படித்தான். கோபைலட் சாட் எக்ஸ்டென்ஷனின் நிரலை 2025 ஜூன் கடைசியில் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டார்கள். பிராம்ப்ட் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு நல்ல தீனி. பின்னால் இருக்கும் மாடல்கள் அந்த ரெப்போவில் இல்லை.

ஜெட், அதற்கு முன் ஆட்டம்

ஆட்டம் என்றொரு எடிட்டர் இருந்தது. கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பொதிகள் எழுதினார்கள். 2022 ஜூனில் நிறுத்தப்போவதாக அறிவித்து, டிசம்பர் 15 அன்று ரெப்போவைப் பூட்டினார்கள். அதன் தானியங்கிப் பரிந்துரைப் பொதியில் மாங்கு மாங்கென்று உழைத்தவர்களின் வேலையும் அதோடு நின்றது.

ஆனால் ஆட்டத்துக்காக உருவான இரண்டு பொருள்கள் இன்னும் நம் கையில் இருக்கின்றன. ஒன்று எலக்ட்ரான், போட்டியாளரான விஎஸ் கோடே அதன் மேல்தான் ஓடுகிறது. இன்னொன்று ட்ரீ-சிட்டர். நாம் அடிக்க அடிக்க நிரலின் இலக்கண மரத்தைக் கட்டிக்கொண்டே போகும் பாகுபடுத்தி. இன்று நியோவிம், ஹெலிக்ஸ், ஈமேக்ஸ், ஜெட் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆட்டத்தில் பொத்தானை அழகாக்கியவர்களையும் ட்ரீ-சிட்டருக்கு ஒரு மொழியின் இலக்கணம் எழுதிக்கொடுத்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரையில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது புரிந்துவிடும்.

ஜெட், ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ரஸ்ட் மொழியில் புதிதாகத் தொடங்கியது. 2024 ஜனவரியில் மூலநிரலைத் திறந்தார்கள். எடிட்டர் ஜிபிஎல் உரிமத்தில். கையில் எடுத்தால் வேகம் உடனே தெரியும். அடுத்து நாம் என்ன மாற்றப்போகிறோம் என்று ஊகிக்கும் ஜீட்டா என்ற மாடலையும் 2025 பிப்ரவரியில் திறந்தே வெளியிட்டார்கள். மாடல் பக்கம் ஆர்வம் இருப்பவருக்கு, மூடிய கதவுகள் நிறைந்த இந்தத் தெருவில் இது அபூர்வமான திறந்த வீடு. இவனுக்கு ஒத்துவராது. ரஸ்ட் தெரியாது, அதைக்கூடக் கற்றுக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய ரஸ்ட் திட்டத்தை 8 ஜிபியில் கம்பைல் போட்டுவிட்டு டீக்குப் போனால், டீ முடிந்து பஜ்ஜியும் முடிந்து திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

நியோவிம்

எடிட்டர்தான் வேண்டும், சர்வர் கிர்வர் எல்லாம் வேண்டாம் என்பவருக்கு என் சிபாரிசு இது. 2014இல் தியாகோ டி அருடா விம்மிலிருந்து பிரித்துத் தொடங்கியது. அடித்தளம் சி, மேலே லுவா. 2021 ஜூலையில் வந்த 0.5 பதிப்பில் எல்எஸ்பி உள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் தானாகப் பெட்டி திறக்க என்விம்-சிஎம்பி, பிளிங்க் போன்ற பிளகின்களை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த 0.11 பதிப்பில்தான் பிளகின் இல்லாமலே, கான்ஃபிகில் ஓரிரு வரி சேர்த்தால் சர்வரின் பரிந்துரைகள் தானாக வரும் வசதி சேர்ந்தது. அதாவது இந்தப் பகுதி இன்னும் இளசு. ஓரங்கள் கரடுமுரடாக இருக்கின்றன, செதுக்க ஆள் தேவைப்படுகிறது. பத்து வருடம் மெருகேறிய இடத்தில் போய் நிற்பதைவிட இங்கே நிற்பது நல்லது.

அந்தப் பகுதி லுவாவில் ஒரே கோப்பு. பைத்தான் தெரிந்தவருக்கு லுவா ஒரு வாரத்தில் படிந்துவிடும். ஒரு தடவை சி பகுதியைக் கம்பைல் செய்துவிட்டால், பிறகு லுவாவில் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு எடிட்டரை மூடித் திறந்தாலே போதும். 8 ஜிபி இயந்திரம் முணுமுணுக்காது. எளிய இஷ்யூக்களுக்குச் சிக்கல் குறைவு என்று தனி லேபிள் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதன் டெஸ்ட்டுகள். ஒரு நியோவிம்மைப் பின்னணியில் ஓடவிட்டு, அதற்கு விசைகளை அனுப்பி, திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை டெஸ்ட் கோப்புக்குள்ளேயே எழுத்தாக வரைந்து வைத்திருப்பார்கள். பரிந்துரைப் பெட்டி எத்தனையாவது வரியில் திறக்க வேண்டும், எந்தப் பெயர் தேர்வாகியிருக்க வேண்டும் என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு பிழையைப் புரிந்துகொள்ள நூறு வரி விளக்கம் படிப்பதைவிட அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பது மேல். நமது மாற்றத்தோடு அப்படி ஒரு டெஸ்ட்டும் போனால், பார்ப்பவருக்கும் வேலை குறைவு.

குறை? நீங்கள் அந்த எடிட்டரைத் தினமும் பயன்படுத்துகிறவராக இருக்க வேண்டும். வெளியேறத் தெரியாமல் டெர்மினலையே மூடுகிறவர் அதற்குப் பங்களிக்க முடியாது. இவன் அந்த ரகம். (கேட்டேன். சிரித்தான்.)

கேட், மற்றவை

லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ குடும்பத்தின் கேட் எடிட்டரைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. சி பிளஸ் பிளஸ் மொழி, க்யூட்டி நூலகம். 2019 டிசம்பர் வெளியீடான 19.12 முதல் எல்எஸ்பி பிளகின் உள்ளேயே இருக்கிறது. பெட்டியும் சொல் நிரப்புதலும் கேடெக்ஸ்ட்எடிட்டர் என்ற தனி நூலகத்தில் இருக்கின்றன. அதைக் கேடெவலப் போன்ற மற்ற கேடிஈ செயலிகளும் பயன்படுத்துவதால், அங்கே ஒரு பிழையைத் திருத்தினால் பல செயலிகளில் சரியாகும். கிட்ஹப்பில் இல்லை, கேடிஈயின் சொந்த கிட்லேப் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். குழு சிறியது. சிறிய குழுவில் புது முகம் கண்ணில் படும், என்ன அனுப்பினாலும் யாராவது படிப்பார்கள். சி பிளஸ் பிளஸ் தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் கைகாட்டுவேன்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். டான் ஹோ 2003இல் தொடங்கியது, விண்டோஸுக்கு மட்டும். அதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. செயல்பாட்டின் பெயர், அது வாங்கும் மதிப்புகள், திருப்பித் தருவது, எல்லாம் கையால் எழுதிய பட்டியல். சர்வரும் கிடையாது, கம்பைலும் கிடையாது. அகரவரிசை மட்டும் தப்பக்கூடாது. கோப்பைத் திருத்தி எடிட்டரை மூடித் திறந்தால் பலன் கண்முன்னே. முதல் புல் ரிக்வெஸ்ட் (நம் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) எப்படி அனுப்புவது என்று கைபழக இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவது மாதம் சலித்துவிடும்.

ஈமேக்ஸில் 29ஆம் பதிப்பு முதல், அதாவது 2023 ஜூலை முதல், எக்லாட் என்ற எல்எஸ்பி கிளையன்ட் உடன் வருகிறது. அங்கே பேட்ச் (மாற்றக் கோப்பு) எல்லாம் மின்னஞ்சலில்தான். ஏறக்குறைய பதினைந்து வரிக்கு மேல் போனால் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். லிஸ்ப் பித்து உள்ளவர்களை யாரும் தடுக்கப்போவதில்லை, மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பத்திரம் என்றதும் இன்னொன்று. விஎஸ் கோடும் ஜெட்டும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் ஒப்புதல் கேட்கும். நியோவிம்மிலும் கேட்டிலும் அது இல்லை. இந்த ஒப்பந்தங்களைவிட நம்மவர்கள் கவனிக்க வேண்டியது தங்கள் வேலை ஒப்பந்தத்தை. வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்கிற மாதிரி ஒரு வரி பல நியமனக் கடிதங்களில் இருக்கும். எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆபீஸ் மடிக்கணினியில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

தமிழ் அடித்தால் தெரியும் பிழை

எந்த எடிட்டரை எடுத்தாலும், தமிழ் தெரிந்தவருக்கு அங்கே ஒரு கூடுதல் கண் உண்டு. உதாரணத்துக்கு “பெயர்” என்ற சொல். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ப, எகர ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8இல் சேமித்தால் பதினைந்து பைட்டு. மூன்று, ஐந்து, பதினைந்து.

இப்போது ஒரு வரியில் மேற்கோளுக்குள் “பெயர்” என்று எழுதிவிட்டு, அதே வரியில் தள்ளி ஒரு மாறியை அடித்துப் புள்ளி வைக்கிறோம். கர்சர் எங்கே என்று எடிட்டர் சர்வருக்குச் சொல்ல வேண்டும். எல்எஸ்பியில் அந்த இடத்தை யூடிஎஃப்-16 அலகில் எண்ண வேண்டும் என்பது பழைய விதி. அதன்படி “பெயர்” ஐந்து. 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான் வேறு அலகையும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று வந்தது. எடிட்டரோ பிளகினோ தெரியாமல் பைட்டைக் கொடுத்துவிட்டால் கணக்கு பத்து இடம் தள்ளிப் போகும். சர்வர் வேறெங்கோ பார்க்கும். பெட்டி திறக்காது, அல்லது தேர்ந்தெடுத்த பெயர் தப்பான இடத்தில் போய் ஒட்டும். ஆங்கிலம் மட்டும் உள்ள வரியில் எல்லாக் கணக்கும் ஒன்றே என்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, கோப்பில் உள்ள சொற்களைப் பொறுக்கிப் பரிந்துரைக்கும் பிளகின்கள். பைத்தானில் சொல்லைக் கண்டுபிடிக்க எல்லோரும் பயன்படுத்தும் ரெகெக்ஸ் (எழுத்துத் தேடல் வடிவம்) குறி ஒன்று உண்டு: பின்சாய்வுக்கோடும் டபிள்யூவும். உள்ளிருப்பு ரெகெக்ஸ் தொகுதியில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. “தமிழ்” என்று கொடுத்துப் பாருங்கள். “தம”, “ழ” என்று இரண்டு துண்டாக வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே குறி ஒரு தமிழ் எழுத்தைக்கூடத் தொடாது. இதையெல்லாம் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை, நம் மொழியில் ஒரு கமென்ட் எழுதிவிட்டு வழக்கம்போல வேலை செய்தால் போதும். எங்கே உடைகிறது, எந்தப் பதிப்பு, திரும்பத் திரும்ப உடைக்க என்ன அடிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிய ஓர் இஷ்யூ அரைகுறை புல் ரிக்வெஸ்ட்டைவிட மதிப்பு உள்ளது. திட்டத்தைப் பராமரிக்கும் எந்த மெயின்டெய்னரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஏஐயிடம் எழுதி வாங்கி, தானே படித்துப் பார்க்காமல் அனுப்பும் பேட்ச்கள் குவியும் இந்தக் காலத்தில் இன்னும் அதிகமாகவே சொல்வார்.

இவனுக்கு நான் காட்டிய இடம்

டைப்ஷெட். பைத்தான் பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் தினமும் அதன் உப்பைத் தின்கிறார்கள். பைத்தானின் உள்ளிருப்பு நூலகத்துக்கும் வெளி லைப்ரரிகள் பலவற்றுக்கும் டைப் தகவலை மட்டும் எழுதி வைத்திருக்கும் ரெப்போ. எந்தச் செயல்பாடு என்ன வாங்கும், என்ன தரும் என்பது மட்டும். உடல் கிடையாது, தலைப்பு வரிகள்தான். ஸ்டப் கோப்பு என்பார்கள். பைரைட் இதைப் படிக்கிறது, அதனால் பைலான்ஸும். ஜெடை (Jedi) என்ற பைத்தான் பரிந்துரைக் கருவி படிக்கிறது. பைசார்ம் எடிட்டர் படிக்கிறது. மைபை என்ற டைப் சரிபார்ப்பான் சரிபார்க்கவும் இதுவேதான்.

ஒரு லைப்ரரியில் இணைப்பைத் திறக்கும் செயல்பாடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன திருப்பித் தருகிறது என்று ஸ்டப்பில் எழுதப்படவில்லை. நீங்கள் அதைக் கூப்பிட்டு ஒரு மாறியில் வாங்கி, புள்ளி வைத்தால் பெட்டி காலி. பெரும்பாலும் எந்த எடிட்டரிலும் இதே கதைதான். ஸ்டப்பில் ஓர் அம்புக்குறி போட்டு, இன்ன வகுப்பு என்று ஒரு சொல் சேர்த்தால், அத்தனை எடிட்டர்களிலும் அந்தப் பெட்டி நிறையும். பெட்டியின் நிறத்தைக்கூடத் தொடாமல்.

வேலை எங்கே கிடக்கிறது என்று தேடி அலையவும் வேண்டாம். இன்னும் எழுதாத டைப்களுக்கு “இன்கம்ப்ளீட்” என்ற சொல்லை அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். வெளி லைப்ரரிகளுக்கான கோப்புறையில் அந்தச் சொல்லைத் தேடினால் வரும் பட்டியலே வேலைப் பட்டியல். நீங்கள் ஆபீஸில் பயன்படுத்தும் லைப்ரரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மூலநிரலைப் படித்து, என்ன திரும்புகிறது என்று உறுதி செய்து, எழுதுங்கள். ஸ்டப்டெஸ்ட் என்ற கருவி ஸ்டப்பையும் உண்மையான லைப்ரரியையும் ஒப்பிட்டுப் பிசகைச் சொல்லும். புல் ரிக்வெஸ்ட் போட்டதும் இன்னொரு கருவி உங்கள் மாற்றத்தைப் பல திறமூலத் திட்டங்களின் மேல் ஓட்டிப் பார்த்து, எங்கே புதுப் பிழை கிளம்புகிறது என்று கீழே கமென்ட்டாகப் போடும். மனிதர் பார்ப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெளிந்துவிடும். வெளி லைப்ரரிகளின் ஸ்டப்புகள் மெர்ஜ் ஆனதும் தானாகவே பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் தனிப் பொதியாக ஏறிவிடும். அடுத்த எடிட்டர் ரிலீஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கம்பைல் கிடையாது. உரிமம் அப்பாச்சி. இரண்டு சாயங்காலத்தில் ஒரு சின்ன மாற்றம் முடிந்துவிடும், இயந்திரம் எதுவானாலும். ஜாவாஸ்கிரிப்ட் ஆட்களுக்கு இதற்கு இணை டெஃபினிட்லிடைப்ட்; அதே கதை, இன்னும் பெரிய கூட்டம்.

குறை சொல்லாமல் விட்டால் விற்பனைப் பேச்சாகிவிடும். இதில் பளபளப்பு கிடையாது. “நான் விஎஸ் கோட் கான்ட்ரிப்யூட்டர்” என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். “டைப்ஷெட்” என்றால் அது என்ன என்று கேட்பார், நீங்கள் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். திரையில் நகரும் எதையும் நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள். எடிட்டர் எப்படி வேலை செய்கிறது என்ற ஆசைக்கு இது தீனியும் அல்ல. அந்த ஆசை பலமாக இருந்தால், நியோவிம் கற்றுக்கொண்டு அங்கே போவதுதான் சரி. கைநிறைய ரேமும் ரஸ்ட்டும் இருந்தால் ஜெட். சி பிளஸ் பிளஸ் என்றால் கேட். விஎஸ் கோட் ரெப்போவை இவை எதற்கும் பிறகுதான் வைப்பேன், அங்கே ஏற்கெனவே ஒரு பிழை உங்களைத் தினமும் கடித்துக்கொண்டிருந்தால் தவிர. அப்படிக் கடிபடுகிறவனுக்கு ஏழு மாதம் காத்திருக்கும் பொறுமை தானாக வரும்.

இவன் இரண்டு நாள் யோசித்தான். நியோவிம் இரண்டு சாயங்காலம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அப்புறம் ஆபீஸில் நாங்கள் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியின் ஸ்டப்பில் “இன்கம்ப்ளீட்” நாலு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். முதல் தடவை அனுப்பியதில், சில சமயம் ஒன்றுமே திரும்பாது என்பதை எழுத மறந்துவிட்டான். ஸ்டப்பைப் பார்த்தவர் லைப்ரரி நிரலின் வரி எண்ணைக் காட்டிக் கேட்டிருந்தார். திருத்தி அனுப்பினான். மொத்தம் மூன்று வரி.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஸ்டப் பொதியைப் புதுப்பித்துவிட்டுப் புள்ளி வைத்திருக்கிறான். காலியாக இருந்த இடத்தில் ஒன்பது பெயர்கள். எந்த எடிட்டர் என்று பார்த்தேன். விஎஸ் கோட்தான்.